வடிவாப் பாருங்கோ

பிப்ரவரி 3, செவ்வாய். மஸ்கட்.

மருந்துக் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த டைரி இது. ஜனவரி முழுக்கக் காலி. இங்கே வந்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே பழகினவளை சோபாவில் உட்காரவைத்து, "ரெஸ்ட் எடுக்கா" என்றால் எப்படி எடுப்பது? செண்பகம் வீட்டு மாத்திரை டப்பாவைத் தேதி பார்த்துப் பாதியைக் குப்பையில் போட்டேன். பிறகு ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். என் தங்கைதான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்முதல் எனக்கே அக்கா மாதிரி நடந்துகொள்கிறாள்.

"வெள்ளிக்கிழமை டூர் போறோம்க்கா. நிஸ்வா கோட்டை, சந்தை, அப்புறம் ஜப்ரீன் கோட்டை. வண்டி, கைடு எல்லாம் சொல்லியாச்சு."

"சரி, போவோம்."

"இவுக ஆபீஸ்ல வேலை பாக்குத ஒரு அண்ணாச்சியும் வாராவ."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அண்ணாச்சி பேர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி தவறிப் பல வருஷம். ஒரே மகள், கனடாவில். நல்ல மனுஷன், சிகரெட் கிடையாது. இத்தனையும் நான் கேட்காமலே வந்தது.

"ஏட்டி செம்பா, இது டூரா, பொண்ணு பாக்குததா?"

"டூருதாங்க்கா" என்றாள், கொத்தமல்லியைப் பார்த்துக்கொண்டு.

நாற்பத்தேழு வயதில் இனி ஒருத்தர் முன்னால் போய் நான் உட்காருவதாக இல்லை. அப்பா போன ஆனியில் போய்ச் சேர்ந்தார். என் பேர் வடிவுடையம்மாள், ஊருக்கு வடிவு, அப்பாவுக்கு மட்டும் வடிவா. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போகும்போது, "யாரு, வடிவாவா?" என்று கேட்க இப்போது ஆளில்லை. அது கஷ்டம்தான். இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக வழியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைக்க முடியுமா?

பிப்ரவரி 5, வியாழன்.

நாளைக்கு எந்தச் சேலை என்று செண்பகம் கேட்டாள். எதுவாக இருந்தால் என்ன என்றேன். பச்சைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கசங்கி இருந்தது, அதனால்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி.

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். சேலைகூட மாற்றவில்லை. வரிசையாக எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

விடியும்போது வண்டி வந்தது. கைடு ஸயீத், வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக நல்ல சிரிப்புக்காரன். இங்கிலீஷும் இந்தியும் கலந்து பேசினான். முன் சீட்டில் செண்பகத்தின் வீட்டுக்காரர் குற்றாலம். பின்னால் நானும் செண்பகமும். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் தில்லைநாதன் ஏறினார். ஒடிசலான ஆள், நரைத்த மீசை, மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. "வணக்கம்" என்றார். நானும் "வணக்கம்" என்றேன். அதன்பின் நிஸ்வா வரைக்கும் மலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு புல் பூண்டு இல்லாத மலை.

நிஸ்வாவில் முதலில் ஆட்டுச் சந்தை. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் நடக்குமாம். நடுவில் ஒரு மேடை. அதைச் சுற்றி விற்கிறவர்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். வாங்குகிறவர்கள் நிறுத்திப் பல்லைப் பார்க்கிறார்கள், முதுகைத் தடவுகிறார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள். எனக்குப் பழக்கமான சடங்குதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் பஜ்ஜி சொஜ்ஜி உண்டு, இங்கே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது எனக்குப் பக்கத்தில் நின்ற தில்லைநாதன் ஒரு வெள்ளைக் குட்டியைக் காட்டி, "அந்தக் குட்டியைப் பாருங்கோ. நல்ல வடிவு" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ஆட்டுக்குட்டிக்கு என் பேரா? செண்பகம் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே சந்தை ரெண்டுபட்டிருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஸயீத் பிளாஸ்க்கிலிருந்து குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் காப்பி ஊற்றிக் கொடுத்தான். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஏலக்காய் மட்டும். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து இவர், "பேரீச்சம்பழத்தோட வடிவாக் குடியுங்கோ" என்றார். பேர் சொல்லி உத்தரவு வேறு! ஒரு வார்த்தை பேசிப் பழகாத பெண்ணை இப்படியா? அதுவும் வடிவா என்று. அப்பா மட்டும் கூப்பிட்ட பேர் அது.

பிறகு கோட்டை. வெளியிலிருந்து பார்த்தால் உருண்டையாக, பெரிய மண் உரலைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே இருட்டான படிக்கட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதவு, கதவுக்கு மேலே ஒரு ஓட்டை. எதிரி கதவை உடைக்கும்போது அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் பேரீச்சம்பழப் பாகை அவன் தலையில் ஊற்றுவார்களாம். சில படிகள் வெறும் பலகை. உருவி எடுத்துவிட்டால் கீழே குழி. வருகிறவன் நல்லவனா கெட்டவனா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்தக் கோட்டையைப் பிடித்துப்போனது.

"வடிவாப் பாத்து ஏறுங்கோ, படி வழுக்கும்" என்று பின்னால் குரல்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். மேலே போனதும் செண்பகமும் குற்றாலமும் படம் எடுக்கப் பீரங்கிப் பக்கம் போனார்கள். நான் திரும்பி நின்றேன்.

"இங்க பாருங்க. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் மிரண்டுவிட்டார். "நான் எங்க உங்கட பேரைச் சொன்னனான்? உங்கட பேரே எனக்கு வடிவாத் தெரியாது."

"இதோ, இப்பவும் சொல்லுதீங்களே!"

"ஐயோ, இல்லையம்மா. குற்றாலம் எப்பவும் மைனி, மைனி எண்டுதான் கதைப்பார். மைனிதான் உங்கட பேர் எண்டு நினைச்சன். இந்தியாவில அப்பிடியும் பேர் வைப்பினமாக்கும் எண்டு..."

"மைனின்னா மதினி. என் பேரு வடிவு."

 அவர் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கட பக்கம் வடிவு எண்டா அழகு. வடிவாப் பாருங்கோ எண்டா நல்லாப் பாருங்கோ எண்டு அர்த்தம். அப்ப நான் விடிஞ்சதிலையிருந்து..."

முடிக்கவில்லை. காது மடல் ரெண்டும் சிவந்துவிட்டது. நான் பேரீச்சந்தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்ததை அவர் பார்த்திருக்க முடியாது.

அதற்குப்பின் அந்தச் சொல்லைத் தவிர்க்க அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே! சந்தைக் கடைவீதியில் வெள்ளிப் பிடி போட்ட கத்தியைப் பார்த்து, "நல்ல வ..." என்று ஆரம்பித்து, இருமி, "நல்ல வேலைப்பாடு" என்றார். குற்றாலம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், இருமலுக்கு.

அல்வாக் கடையில் ஆளுயரத் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஸயீத் எல்லோரையும் நிறுத்தி ஏதோ விளக்க ஆரம்பித்தான். திருநெல்வேலிக்காரிக்கு அல்வா பற்றி இன்னொருவர் பாடம் எடுக்க வேண்டாம் என்று நான் வெளியே வந்து மண்பானைக் கடையில் நின்றேன். தொழுகைக்குக் கடை சாத்தும் வரைக்கும் மற்றவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

சாயங்காலம் ஜப்ரீன். அங்கே மேல்மாடியில் அரசரின் குதிரைக்கென்று ஓர் அறை. கீழே பேரீச்சம்பழம் அடுக்கி வைக்கும் அறை, தரை முழுக்க வாய்க்கால் வாய்க்காலாகக் கோடு. மூட்டையின் பாரத்திலேயே பழம் நசுங்கிப் பாகு அதில் வழிந்து ஓடுமாம். கூரை முழுக்கச் சித்திரம். அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாமல்தான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

"சும்மா சொல்லுங்க, பரவாயில்லை" என்றேன்.

"வடிவு" என்றார், கூரையைப் பார்த்தபடியே.

இதுவரைக்கும் நல்ல நாள்தான்.

அவருடைய இடம் வந்ததும் வண்டி நின்றது. இறங்குமுன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "இது உங்களுக்கு எண்டு வாங்கினனான். அல்வா."

குற்றாலம் முன் சீட்டில் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அண்ணாச்சி! திருநெல்வேலிக்காரிக்கே அல்வா குடுத்துட்டீங்களே!"

செண்பகமும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நான் டப்பாவை வாங்கவில்லை. "எனக்கு வேண்டாம்" என்றேன். சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். அவர் டப்பாவை சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிப்ரவரி 7, சனி.

எழுதித் தொலைத்துவிடுகிறேன். எனக்கு இருபத்துநாலு வயதில் ஒரு துபாய் மாப்பிள்ளை வந்தான். பார்த்தான், பிடித்திருக்கிறது என்றான், தட்டு மாற்றினார்கள், தேதி குறித்தார்கள். லீவு நீட்டித்துக்கொண்டு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். கடிதாசி இல்லை, போன் இல்லை. அப்பா பத்திரிகை அடித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து தெருவில் எனக்கு ஒரே பேர்தான். "வடிவுக்கு அல்வா குடுத்துட்டான்." அல்வாவுக்குப் பேர்போன ஊரில், நடக்கிற பாதையெல்லாம் அல்வாக் கடையாக இருக்கிற ஊரில், இந்தச் சொல்லோடு நான் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்கள்கூட என் முகத்தைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அதற்கப்புறம் வந்து பார்த்தவர்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள், கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எனக்குப் பயம், அதுதான் நிஜம். இன்னொரு தடவை ஒருத்தனை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

பிப்ரவரி 8, ஞாயிறு.

துணி துவைத்தேன். ஏற்கெனவே துவைத்த துணிதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்.

அந்த டப்பாவை செண்பகம் வண்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. யாரும் திறக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனாலும் அது, பால் எடுக்கப் போனாலும் அது. நான் அதைத் தள்ளி வைக்கிறேன், அது திரும்பவும் முன்னால் வந்து நிற்கிறது. செண்பகத்தின் வேலையாகத்தான் இருக்கும்.

அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இருபதாம் தேதி எனக்கு விமானம்.

பெட்ரோல் பங்கிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம் என்று குற்றாலத்திடம் கேட்டேன். சும்மா, பேச்சுக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி.

இன்று குற்றாலம் என் எதிரில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்போதும் கேலி பேசுகிற மனுஷன், முகம் சரியாக இல்லை.

"மைனி, நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு. செம்பா இப்பதான் அந்தப் பழைய கதையச் சொன்னா. எனக்கு சத்தியமா தெரியாது."

"அது கிடக்கு, விடுங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு. அண்ணாச்சி ஆபீஸ்ல என்ட்ட கேட்டாவ, அல்வாவில என்ன பிழைன்னு. அவுக சினிமாவும் பாக்க மாட்டாவ, டிவியும் பாக்க மாட்டாவ. எங்கட ஊரில அல்வா எண்டா அல்வாதானேங்காவ. நான் அர்த்தத்தைச் சொன்னேன். மனுசன் டீயை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ."

நான் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அந்தக் கடையில கைடு சொன்னத நீங்க கேக்கலையா? இந்த ஊர்ல ஒரு கல்யாணம் பேசி முடிச்சா, வந்தவங்க முன்னால முதல்ல அல்வாவைத்தான் வைப்பாங்களாம். அல்வா வந்தாச்சுன்னா சம்மதம்னு அர்த்தமாம். அண்ணாச்சிக்கு வாயத் திறந்து சொல்லக் கூச்சம். நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு..."

நான் அப்போது மண்பானைக் கடையில் நின்றேன். எனக்குத் தெரியாத அல்வாவா என்று நின்றேன்.

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியவில்லை. செண்பகம் ஓடிவந்து அணைத்தாள். சோறு குழைந்துவிட்டது. அதைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 14, சனி.

நடந்தேன். கடைத்தெருவில் போனேன், வந்தேன், திரும்பவும் போனேன். ஒன்றும் வாங்கவில்லை. எவன் செய்த பாவத்துக்கோ எவர் தலையிலோ பாகை ஊற்றியிருக்கிறேன். போன் செய்து என்ன சொல்வது? மன்னியுங்கள் என்று சொன்னால் சம்மதம் என்று ஆகிவிடுமா? ஆகிவிட்டால் என்ன? ஆன பிறகு அவரும் லீவு நீட்டித்துக்கொண்டு வருகிறேன் என்று போனால்?

பிப்ரவரி 15, ஞாயிறு.

இவர்கள் கடைக்குப் போன நேரத்தில் டப்பாவைத் திறந்தேன். கருஞ்சிவப்பு நிறம். மேலே முந்திரியும் பாதாமும். குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர் வாசனை. நம் ஊர் அல்வா போலக் கையில் ஒட்டாமல் வழுக்கவில்லை, பசையாக இருக்கிறது. கோதுமைப் பால் கிடையாது. நெய் நம் அளவுக்கு இல்லை. கரண்டியை எடுத்து இன்னொரு வாய் போட்டேன். பிறகு கணக்கு வைக்கவில்லை.

அப்புறம் குற்றாலம் எழுதி வைத்திருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

"நான் வடிவு பேசுதேன்."

அவர் பேசுமுன் நானே தொடர்ந்தேன்.

"உங்க அல்வாவைச் சாப்பிட்டேன். நெய் போதாது."

"ஓம்" என்றார்.

"பன்னீர் கூடிப்போச்சு."

"ஓம்."

"டப்பால பாதி காலி."

 "அப்ப நான் ஒருக்கா வீட்டுக்கு வரலாமோ?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை வாங்க. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் கிடையாது. டீதான்."

செண்பகம் வந்து டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எலி தின்றுவிட்டது என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்.

வந்தார். அதே முழுக்கைச் சட்டை. நான் எதிரே உட்கார்ந்தேன். யாரும் உட்காரவைக்கவில்லை, நானாகத்தான் உட்கார்ந்தேன். செண்பகத்தையும் குற்றாலத்தையும் அடுக்களைக்கு அனுப்பிவிட்டு நேராகவே கேட்டேன்.

"எல்லாம் பேசி முடிச்சப்புறம் நீங்க வராமப் போயிட்டா நான் என்ன செய்ய?"

சத்தியம் செய்வார் என்று நினைத்தேன். செய்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அந்தச் சொல்லின்ர அர்த்தம் தெரிஞ்ச அண்டைக்கே சித்திரைக்கு டிக்கெட் போட்டிட்டன். உங்கட ஊருக்கு வந்து நேர மன்னிப்புக் கேக்கோணும் எண்டு. நீங்கள் ஓம் எண்டாலும் வருவன், இல்லை எண்டாலும் வருவன்."

"இல்லைன்னு சொன்னா வந்து என்ன செய்வீங்க?"

"கேட்டிட்டுத் திரும்பி வருவன்."

மகளோடு போனில் முகம் பார்த்துப் பேசவைத்தார். நல்ல பெண். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முழித்தாள். மைனி என்று மட்டும் கூப்பிடாதே என்றேன். அடுக்களையில் ரெண்டு பேரும் சிரித்தது இங்கே கேட்டது. சம்மதம் என்று நான் வாயால் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி. விமான நிலையம்.

திருவனந்தபுரம் விமானம் தாமதம். உட்கார முடியவில்லை, அதனால் ஜன்னலோரம் நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்.

வழியனுப்ப அவரும் வந்திருந்தார். இன்னொரு டப்பா அல்வாவோடு. இந்தத் தடவை ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பெட்டி எடை போடும் இடத்தில் ஒரு மலையாளப் பெண், கையில் என்ன என்று கேட்டாள். அல்வா என்றேன். எந்த ஊருக்கு என்றாள். திருநெல்வேலிக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்தது எந்தக் காலத்தில் என்று நினைவில்லை.

உள்ளே போகிற நேரம் வந்தது. செண்பகம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"சித்திரையில வாங்க. நான் உங்களுக்கு அல்வா தாரேன்."

அவர் முகம் அப்படியே நின்றது. "எந்த அல்வா?"

"சாப்பிடுத அல்வா. நெய் வழிய வழிய. எங்க ஊர்லயும் இனிமே அல்வான்னா சம்மதம்தான்."

அவர் சிரித்தார். இத்தனை நாளில் அவர் பல் தெரியச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பிறகு கையைத் தூக்கி ஏதோ சொன்னார். அதே நேரம் ஒலிபெருக்கியில் அரபியில் அறிவிப்பு வந்தது. "வடிவாப் போயிட்டு வாங்கோ" என்றாரா, நல்லபடியாகப் போய் வா என்று? இல்லை, நடுவில் அந்த 'ப்' இல்லாமல் சொன்னாரா? சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்கவும் முடியாது.

டைரி என்னுடையது. எனக்குக் கேட்ட மாதிரி எழுதிக்கொள்கிறேன்.

"வடிவா, போயிட்டு வாங்கோ."